சத்தமில்லாத காற்று

அவர் வருவது யாருக்கும் தெரியாது. வந்து நிற்பதுதான் தெரியும்.

நாங்கள் செங்கல்பட்டுக்குக் குடிவந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினோரு மணி இருக்கும். கூடத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். முதுகுப் பக்கம் என்னவோ போலிருந்தது. திரும்பினால் வாசற்படியில் ஒருவர் நிற்கிறார். வெள்ளை ஜிப்பா, கட்டம் போட்ட லுங்கி, நரைக்கத் தொடங்கிய தாடி. காலில் செருப்பில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேல் ஓடிய ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க?" என்றேன்.

"எதுர் வூடு," என்றார். குரல் அவ்வளவு தணிவாக இருந்ததால் நான் எழுந்து கிட்டே போக வேண்டியிருந்தது. "இந்த ஃபேன் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தபா டக்குங்குது டீச்சர். ரோட்டுக்கு அந்தாண்ட கேக்குது. நீங்க எப்டி தூங்குறீங்க?"

எனக்கு எதுவும் கேட்டதில்லை. அவர் சொன்ன பிறகு கேட்டது. சொன்னபின் அது மட்டுமேதான் கேட்டது. சாயங்காலம் அவரே ஏணி கொண்டுவந்து ஃபேனைக் கழற்றி, ஏதோ செய்து, திரும்ப மாட்டிவிட்டுப் போனார். ஏணியின் கால்களில் பழைய துணி சுற்றியிருந்தது. போகும்போது என் கணவரிடம், "இப்ப தூங்கலாம் சார்," என்றார். யாருக்கோ வாக்குக் கொடுத்ததை முடித்துவிட்ட மாதிரி இருந்தது அவர் சொன்ன விதம்.

ஊரில் எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான். பஜார் தெருக் கோடியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். சுத்துப்பட்டு கிராமங்களில் பம்ப்செட் மோட்டார் எரிந்துபோனால் மாட்டு வண்டியில் போட்டு அவரிடம் கொண்டுவருவார்கள். உள்ளே கருகிய கம்பிச் சுருளை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். அந்தத் தொழிலில் சுத்தியல் இல்லாமல் முடியாது. பாய் கடையில் மரச் சுத்தியல்தான் இருந்தது, அதன் தலையிலும் தோல் தைத்திருந்தார். ஸ்பேனர்களைக் கோணிச் சாக்கின் மேல் ஒவ்வொன்றாக, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல வைப்பார். ரேடியோ கிடையாது. சாவிக்கொத்தைக் கைக்குட்டையில் முடிந்திருப்பார். சைக்கிள் இருந்தது, மணி இல்லை.

"மணி இல்லாம வந்தா எதுருல வர்றவனுக்குத் தெரியாதே பாய்," என்று என் கணவர் ஒருநாள் கேட்டார்.

"எனுக்குத் தெரியும் சார். நான் ஒதுங்கிக்கறேன்," என்றார்.

கோயில் திருவிழாவோ, கல்யாணமோ, கட்சிக் கூட்டமோ, தெருவில் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் பாய் கடையைச் சாத்திவிட்டுக் கொளவாய் ஏரிக்கரைக்குப் போய்விடுவார். எல்லாம் ஓய்ந்த பிறகுதான் திரும்புவார். ஆனால் சவுண்டு செட்காரர்களிடம் கிழிந்த ஸ்பீக்கர்களை வாங்குகிற ஒரே ஆளும் அவர்தான். "அதுங்க வாய அடைக்கத்தான் பாய் வாங்கிக்கறாரு," என்று கடைத்தெருவில் கேலி செய்வார்கள். ஸ்பீக்கரின் பின்புறம் கறுப்பாக வளையம் போல ஒரு காந்தம் இருக்கும். அவருக்கு அது மட்டும்தான் வேண்டும்.

எதற்கு என்று எனக்கு ஓர் ஆண்டு கழித்துத் தெரிந்தது. நான் பெண்கள் பள்ளியில் பௌதிகம் எடுத்துக்கொண்டிருந்தேன். மதிய இடைவேளையில் ஆய்வுக்கூடத்தில் தனியாக இருந்தபோது, வழக்கம்போல, பின்னால் வந்து நின்றார். கையில் துணி மூட்டை.

"டீச்சர், வடக்கு தெற்கு காட்டுமே, அந்த முள்ளு குடுப்பீங்களா? ஒரு பக்கம் தப்பா ஒட்டிட்டேன்னு தோணுது."

மூட்டையைப் பிரித்தார். சாப்பாட்டுத் தட்டு அளவில் வட்டமாக வெட்டிய இரும்புத் தகடுகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் எட்டுக் காந்த வளையங்கள், கடிகாரத்தின் எண்களைப் போலச் சுற்றி ஒட்டியிருந்தன. ஒன்று வடக்கு மேலே, அடுத்தது தெற்கு மேலே, இப்படி மாறி மாறி இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. திசைகாட்டியை ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்தோம். ஒன்று தப்பாகத்தான் இருந்தது.

"இது இன்னா பாய்?"

"மோட்டார்."

மோட்டார் என்றால் உருண்டையாக, ஒரு கூட்டுக்குள் ஓர் உருளை சுற்றுவது என்றுதான் நான் பிள்ளைகளுக்குப் படம் போட்டிருந்தேன். பாய் அந்தத் தணிந்த குரலில், உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு விளக்கினார். சாதாரண மோட்டாரின் உருளையில் இரும்புப் பற்கள் உண்டு. ஒவ்வொரு பல்லும் காந்தத்தைத் தாண்டும்போது காந்தம் அதை இழுத்துப் பிடித்துவிட்டுத்தான் விடும். அந்த இழுப்பும் விடுப்பும்தான் உறுமலாகவும் அதிர்வாகவும் வெளியே வருகிறது. அவர் உருளையையே தூக்கி எறிந்துவிட்டார். இரண்டு தட்டுகளும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். இந்தப் பக்கத்து வடக்குக்கு எதிரே அந்தப் பக்கத்துத் தெற்கு. இடையில் விரல்கடை அளவுகூட இல்லாத சந்து. அந்தச் சந்தில், அட்டையில் ஒட்டிய கம்பிச் சுருள் மட்டும், அப்பளம் போலத் தட்டையாக, அச்சில் மாட்டிச் சுற்றும். சுற்றுவதில் இரும்பே இல்லை. இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லை.

"புடிக்க ஒண்ணும் இல்லன்னா சத்தம் எங்கேந்து வரும்?" என்றார்.

பின்னாளில் ஒரு பத்திரிகையில் படித்தேன். இதே மாதிரித் தட்டை மோட்டார்கள் வெளிநாட்டில் இருக்கின்றன. இடம் அடைக்காததால் கார்களிலும், சட்டென்று ஓடிச் சட்டென்று நிற்பதால் கம்ப்யூட்டரில் டேப் ஓட்டவும் பயன்படுகின்றன என்று போட்டிருந்தது. பாய்க்கு அதெல்லாம் தெரியாது. அவர் வேறு வழியாக அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்.

இரண்டு தட்டுகளையும் சேர்க்கிற வேலை பொல்லாதது. கிட்டே கொண்டுபோனால் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். பாயின் இடது கை மோதிர விரலில் மேல்கணு இல்லை. அதைப் பற்றிக் கேட்டபோது, "நடுவுல கட்டை வெக்க மறந்துட்டேன்," என்றார். "ரெண்டும் ஒண்ண ஒண்ணு கூப்டுகினே இருக்கும் டீச்சர். நமக்குத்தான் கேக்காது."

சில மாதம் போனபின் ஒரு நாள் பட்டப்பகலில் கடைக்கு வரச் சொன்னார். மேசைமேல் அந்த மோட்டார் இருந்தது. அச்சில் ஒரு கறுப்புத் தட்டு மாட்டியிருந்தது. கீழே கார் பேட்டரி.

"எப்ப ஓட்டப் போறீங்க?" என்று கேட்டபடி அந்தத் தட்டைத் தொடப் போனேன். பாய் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். மறு நொடியே கையை விட்டு, இரண்டடி பின்னால் போய், "மன்னிச்சிக்கங்க," என்றார். பிறகு ஒரு காகிதத்தை அந்தத் தட்டின் ஓரத்தில் நீட்டினார். காகிதம் இரண்டாகிவிட்டது. நான் உள்ளே வந்ததிலிருந்து அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அன்று வீடு திரும்பும்போது எனக்கு அவர்மேல் மரியாதை வரவில்லை. பயம்தான் வந்தது. ஓடுகிற ஒன்று ஓடுவதாகக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதில் ஏதோ சரியில்லை என்று பட்டது. என் கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "பாவம், சத்தம் புடிக்காத மனுஷன்," என்றார்.

என் கணவர் ரோடு கான்ட்ராக்டர் ஒருவரிடம் மேஸ்திரிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். அந்த வருஷம் கோடையில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு சிறு பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை போனால் சனிக்கிழமை வருவார். பலகையில் இருந்த துருப்பிடித்த ஆணி காலில் ஏறியதை அவர் எனக்குச் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, அங்கே காலையில் இட்லியை வாயில் வைக்க வாய் திறக்கவில்லை. மத்தியானத்துக்குள் கழுத்து விறைத்துவிட்டது.

தகவல் வந்ததும் வீட்டுச் சாவியை எதிர்வீட்டு பாயம்மாவிடம், அதாவது பாயின் மனைவியிடம், கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். மாமல்லபுரத்தில் ஒரு டாக்டர் தன் வீட்டிலேயே ஆறு கட்டில் போட்டு நடத்திய சின்ன ஆஸ்பத்திரி. பின்கட்டில் ஓர் அறை. ஜன்னல்களில் கம்பளியை ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். உள்ளே கும்மிருட்டு.

"ரணஜன்னி, டெட்டனஸ்," என்றார் டாக்டர். "மெட்ராஸ் கொண்டு போறதுதான் நல்லது. ஆனா வண்டி ஆட்டத்துல வழியிலயே போயிடுவாரு. ஊசி போட்டிருக்கேன். இனிமே மருந்து பாதி, அமைதி பாதி. வெளிச்சம் கூடாது, தொடக் கூடாது, சத்தம் கூடவே கூடாது."

சத்தம் கூடாது என்று அவர் சொன்னது சிற்பிகள் தெருவில். இருபுறமும் கல் பட்டறைகள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை உளிச் சத்தம். ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளே என் கணவரின் உடம்பு வில்லாக வளையும். குதிகாலும் பின்தலையும் மட்டும் கட்டிலில் படும். வாய் திறக்க முடியாததால் கத்தவும் முடியாது. பல் நெரிபடுகிற சத்தம் மட்டும் வரும். அதை நான் நாலு நாள் கேட்டேன்.

சீலிங் ஃபேனை டாக்டர் முதல் நாளே நிறுத்திவிட்டார், அது உறுமியது. மே மாத வெயில், அடைத்த அறை. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. நான் பனையோலை விசிறியால் வீசிப் பார்த்தேன். ஓலை சரசரத்ததற்கே இழுப்பு வந்தது. என் வளையல்களைக் கழற்றி வைத்தேன். அவரைச் சாவுக்குக் கொடுத்துவிட்டுக் கழற்றிய மாதிரி நர்ஸ் என்னைப் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் காலை, இருட்டில் என் பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. பாய். பாயம்மா சொல்லித்தான் வந்திருக்கிறார். மெத்தைக்குள் சுற்றிய மூட்டையைச் செங்கல்பட்டு பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். அவர் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே ஓர் உளி தட்டியது. கட்டில் குலுங்கியது. அவர் மூட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

அடுத்த பட்டறையில் தலைமைச் சிற்பி வயதானவர், கறாரானவர். டாக்டர் கேட்டும் நிறுத்தாதவர். பாய் அவரிடம் பேசியதைப் பின்கட்டுக் கதவருகே நின்று கேட்டேன்.

"கோயில் வேலை பாய். தேதி குடுத்துகீறோம். நானு நிறுத்தினா தெருவுல மத்தவன் நிறுத்துவானா?"

"நிறுத்த சொல்லல மேஸ்திரி. ஒரு தபா வந்து பாருங்க. பாத்துட்டு அப்பால உளி வெச்சிக்கங்க."

கையைப் பிடித்து அழைத்துவந்துவிட்டார். கதவைச் சற்றே திறந்து இடுக்கில் அவரை நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து எதிர்ப் பட்டறையில் ஒருவன் தட்டினான். சிற்பி பார்த்தார். தன் வலது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். திரும்பிப் போனார். ஒரு மணி நேரத்துக்குள் தெரு முழுக்க அடங்கிவிட்டது. பிறகு தெரிந்துகொண்டேன், செதுக்குகிற வேலையை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு, முடிந்த சிலைகளைத் தண்ணீர் விட்டு வழுவழுவென்று தேய்க்கிற வேலைக்கு எல்லோரும் மாறியிருக்கிறார்கள். அந்தத் தெருவில் அன்றுதான் எனக்குக் கடல் கேட்டது. கடல் என் கணவரை ஒன்றும் செய்யவில்லை.

பாய் கட்டிலின் கால்மாட்டில் அந்தத் தட்டை மோட்டாரை வைத்தார். அதன் அச்சில் இப்போது அகலமான இரண்டு துணி இறக்கைகள். பேட்டரிக்கு டாக்சி ஸ்டாண்டில் பேசி ஏற்பாடு செய்திருந்தார். அதை அறைக்கு வெளியே வைத்துக் கம்பியை மட்டும் கதவடியில் விட்டார். ஓடத் தொடங்கியதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. என் முன்கையில் ரோமம் சிலிர்த்தது. காற்று. எங்கிருந்து என்று சொல்ல முடியாத காற்று. என் கணவர் அசையவில்லை. சாயங்காலத்துக்குள் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது.

பன்னிரண்டு நாள் பாய் அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். வாளியைக் கீழே வைக்கப் போகிற ஆயாவின் கையிலிருந்து வாளியை வாங்கி அவரே வைப்பார். தொழுகைக்குப் போகும் நேரம் மட்டும் என்னை உட்கார வைப்பார். என்னிடம் பேசியது நாலைந்து வார்த்தைதான் இருக்கும்.

அந்த நாட்களில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு மதியம் பாய் தொழப் போயிருந்தார். நான் அறைக்குள் அரைமணி நேரம் காற்று வாங்கியபடி இருந்துவிட்டு வெளியே வந்தேன். பேட்டரியின் மேல் இருக்க வேண்டிய கம்பிக் கவ்வி தரையில் கிடந்தது. அதன்மேல் எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. திரும்ப உள்ளே போய்க் கையை நீட்டினேன். காற்று வந்துகொண்டுதான் இருந்தது.

பாய் வந்ததும் கவ்வியைக் காட்டினேன். "உள்ள காத்து வருது," என்றேன்.

அவர் குனிந்து அந்த எறும்புகளைப் பார்த்தார். கவ்வியைத் தொடவில்லை. பிறகு, "விட்டாலும் கொஞ்ச நேரம் சுத்தும் டீச்சர். புடிக்க ஒண்ணும் இல்லல்ல," என்றார். எனக்குப் பௌதிகம் தெரியும். கொஞ்ச நேரம் என்பது ஒன்றிரண்டு நிமிஷம். கவ்வி எப்போது கழன்றது என்பது எனக்குத் தெரியாது. அவர் எறும்புகளை ஊதி விலக்கிவிட்டுக் கவ்வியை மாட்டினார்.

என் கணவர் பிழைத்தார். பேச்சு திரும்ப மூன்று வாரமானது. செங்கல்பட்டு வீட்டில், காலை வெளிச்சத்தில் கஞ்சி குடித்துக்கொண்டே கேட்டார், "அந்தப் பொண்ணு யாரு? டாக்டர் வூட்டுப் பொண்ணா?"

"எந்தப் பொண்ணு?"

"கால்மாட்டுல உக்காந்து விசிறிகினே இருந்துச்சே. எட்டு வயசு இருக்கும். தலைல முக்காடு. போதும் போ, போய் வெளையாடுன்னு சொல்ல வாய் வரல. கண்ணால சொன்னேன். மாட்டேன்னு தலைய ஆட்டுச்சு."

டாக்டருக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த ஊசிகளில் என்ன வேண்டுமானாலும் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் அதைச் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் எதிர்வீட்டுக்குப் போனேன்.

பாயம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை முறத்தைக் கீழே வைக்கவில்லை. பிறகு வைத்தார்.

"எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு," என்றார். "நாங்க வந்தவாசில இருக்கச்சொல்ல. கால்ல முள்ளு. இதே நோவு. ஆஸ்பத்திரில மேல ஃபேன் ஓடிகினு இருந்துச்சு, ஒவ்வொரு சுத்துக்கும் டக்கு டக்குன்னு. ஒவ்வொரு டக்குக்கும் புள்ள வளையும். இவரு ஸ்டூல் மேல ஏறி ஃபேன நிறுத்திட்டாரு. அப்பால புழுக்கம் தாங்கல அதுக்கு. ரெண்டு நாள் பூரா கையால விசிறிகினே இருந்தாரு. ரெண்டாம் நாள் அசந்து ஒரு நிமிசம் கண்ண மூடினாரு. தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு."

பாயம்மா முறத்தை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பாய்கிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்றேன்.

"நீயே சொல்லும்மா. நான் சொன்னா, அவர தேத்தறதுக்கு சொல்றேன்னு நெனைப்பாரு."

கடையில் அவர் ஒரு பழைய ஸ்பீக்கரைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் வந்ததை அவர் கவனிக்கவில்லை. அவர் பின்னால் நான் போய் நின்றது அந்த ஒரு தடவைதான். சொன்னேன். வயதைச் சொன்னேன், முக்காட்டைச் சொன்னேன், தலையாட்டியதைச் சொன்னேன். அவர் திரும்பவில்லை. கையிலிருந்த காந்தத்தைச் சாக்கின்மேல் வைத்தார். அவர் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. அழுவார் என்று நினைத்தேன். நம்பமாட்டார் என்றும் நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை.

"அவ்ளோ நேரம் விசிறிகீது," என்றார். பிறகு, எப்போதையும்விடத் தணிந்த குரலில் கேட்டார்: "கை வலிக்குதுன்னு எதுனா சொல்லிச்சாமா?"

"ஒண்ணும் சொல்லலயாம் பாய்," என்றேன்.

அது பொய்யில்லை. அந்தப் பெண் வலது கையிலிருந்து இடது கைக்கும், இடதிலிருந்து வலதுக்கும் விசிறியை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டே இருந்தாள் என்று என் கணவர் சொன்னதை மட்டும் அவரிடம் நான் சொல்லவில்லை.